வாய் பேசாதவளின் சம்மதம்

தோஹா
10.01.2025, வெள்ளி

அன்புத் தங்கச்சி றுமைஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வழக்கம்போலக் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். எனக்கு ஃபோனில் தமிழ் தட்டத் தெரியாது. குரலில் அனுப்பினால் நீ கேட்பாய்தான், ஆனால் உன் பதிலை நான் எங்கே போய்க் கேட்பது? நம் இரண்டு பேருக்கும் கடிதம்தான் சரி. வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் மேடம் ஃபோனைக் கையில் தருவா. மற்ற நாளெல்லாம் அது அவவுடைய மேசை லாச்சிக்குள் பூட்டிக் கிடக்கும்.

ஒரு விஷயம் கேட்கவேண்டும், சிரிக்கக்கூடாது. இந்த வீட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஆட்கள். போன கிழமை பெரியவளின் வெள்ளைச் சட்டையைச் சிவப்புத் துணியோடு மெஷினில் போட்டுவிட்டேன். சட்டை றோஸ் நிறமாகிவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்து, “யூ ஆர் ஸோ டம்” என்றாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. சின்ன வயதில் உன்னைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் நர்ஸ் மிஸ்ஸி, “டெஃப் அன்ட் டம் பிள்ளை எங்கே?” என்று கூப்பிடுவாவே, அதே டம். எனக்கு வாய் பேசாத தங்கச்சி இருக்கிறாள் என்று இவளுக்கு யார் சொன்னது? நான் மேடமிடம்கூடச் சொல்லவில்லையே! குசினியிலிருந்து சாப்பாட்டை மாடிக்கு ஏற்றுகிற சின்ன லிஃப்ட்டையும் டம் வெயிட்டர் என்கிறாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நீ உன் கூட்டாளி ஹப்ஸாவின் கொமினிகேஷன் கடையில் டைப் பண்ணுகிறவள், உனக்குத் தெரியும்.

மற்றது, ஞாயிற்றுக்கிழமை ஓட்டமாவடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று நம் வீட்டுக்கு மூத்த பிள்ளை மஜீட் காக்கா சொன்னார். பேர் றிஸ்லானாம். முதல் கலியாணம் சரிவராமல் பிரிந்தவர், பிள்ளை இல்லை. றுமைஸா, இந்தமுறை கோளாறு சொல்லாதே. போனவருக்கு மாறுகண் என்றாய். அதற்கு முந்தினவர் குறட்டை விடுவார் என்றாய். பெண் பார்க்க வந்த மனிசன் குறட்டை விட்டது உனக்கு எப்படி புள்ள தெரியும்? உனக்குச் சீதனமென்று கட்டின வீடு பூட்டிக் கிடக்கிறது. நீ அதில் குடியேறிவிட்டால் நான் இங்கே நிம்மதியாகப் பாத்திரம் கழுவுவேன்.

உன் ராத்தா
ஸில்மியா


ஏறாவூர்
15.01.2025

அன்பின் ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். சிரிக்கக்கூடாது என்றீர்கள். சத்தமில்லாமல் சிரிப்பதில் எனக்கு நல்ல பழக்கம், ஆனால் தோள் குலுங்கியதை ஹப்ஸா பார்த்துவிட்டாள்.

பயப்படவேண்டாம், அந்தப் பிள்ளைக்கு என்னைத் தெரியாது. அந்தச் சொல்லுக்கு இரண்டு கருத்து. ஒன்று வாய் பேசாதவர், அது நான். மற்றது மோடன், மோட்டுச்சி, புத்தியில்லாதது. குறை நினைக்கவேண்டாம், அவள் சொன்னது உங்களைத்தான். வாப்பாவின் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் ஒரே சொல்லில் வேலையை முடித்துவிட்டார்கள். எழுதும்போது அதன் கடைசியில் ‘பி’ என்று ஓர் எழுத்து வரும். சொல்லும்போது அது வாயே திறக்காது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

லிஃப்ட்டுக்கும் காரணம் உண்டு. முந்தின காலத்து வெள்ளைக்காரத் துரைமாருக்கு ஒரு பயம் இருந்ததாம். சாப்பிடும்போது வேலைக்காரர் பக்கத்தில் நின்றால் பேசுவதைக் கேட்டு வெளியே போய்ச் சொல்லிவிடுவார்கள் என்று. அதனால் சாப்பாட்டை அடுக்கிவைக்கத் தட்டுத் தட்டாக ஒரு மேசை செய்து பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். அதற்குத்தான் முதலில் அந்தப் பேர், பேசாத பணியாள் என்று. லிஃப்ட் பிறகு வந்தது. மேசைக்கு முன்னால் எதையும் பேசலாம் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை நான் அந்த மேசையாக நின்றேன், ராத்தா.

மாப்பிள்ளையும் அவருடைய உம்மாவும் வந்தார்கள். காக்கா சோடா வாங்க வெளியே போனார். ஸஹ்ரா மதினி அடுப்படியில் நின்றார். நான் வட்டிலப்பத் தட்டோடு முன்னால் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உம்மாவிடம், “காதும் கேக்காதா?” என்று கேட்டார். “ஊமைக்கு எங்க மகன் காது கேக்கிற?” என்றார் உம்மா. “அப்ப நல்லம். றஸீனாவுக்கு ஒரு அடி போட்டா ஊரே கூடிரும். இது கத்தாது” என்றார் மகன், முதலில் கட்டினவரைச் சொல்லி. உம்மா சிரித்தார். பிறகு அவரே, “ஊடும் நல்ல ஊடு” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து அன்பாகத் தலையாட்டி, வட்டிலப்பத்தில் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

என் கையிலிருந்த கரண்டி தட்டில் அடித்தது. அதற்கும் “பாவம்” என்றார்கள். காக்கா சோடாவோடு வந்தபோது எல்லோரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ராத்தா, எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. காக்காவிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள்
றுமைஸா


தோஹா
24.01.2025, வெள்ளி

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் போன வெள்ளியே கண்டேன். உடனே பதில் எழுத மனம் வரவில்லை. நீ உண்மையைத்தான் எழுதினாயா? அல்லாஹ்வுக்காகச் சொல்லு.

காக்காவிடம் கேட்டேன். “ஒவ்வொரு மாப்பிளைக்கும் அவ ஒவ்வொரு கதை வெச்சிரிப்பா. அந்தப் பொடியன் பள்ளிக்குத் தொழ ஒழுங்காப் போறவன், ஒரு கெட்ட பழக்கம் இல்ல. முதல்ல கட்டினவ வாய்க்காரி, அதான் பிரிஞ்சது” என்றார். அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. பெற்ற தாயே அப்படிச் சிரிப்பாவா? முதல்முதல் வந்த வீட்டில், பெண் முன்னால் நிற்க, யாராவது அப்படிப் பேசுவார்களா? நீ பதறிப்போய் ஒன்றை ஒன்பதாகக் கேட்டிருப்பாய்.

எனக்கு வயது போகிறது. மாலையானால் கால் வீங்கிச் செருப்புக்குள் போகாது. இந்தக் கொன்ட்ராக்ட் முடிந்தால் திரும்ப எழுதமாட்டேன் என்று மேடமிடம் சொல்லிவிட்டேன். நானும் காக்காவும் மௌத்தானால் உன்னை யார் பார்க்கிறது? கடைக்குப் போனால் உனக்காகப் பேச ஒரு ஆள் வேண்டாமா? கோபிக்காதே, காக்காவிடம் ஓம் என்று சொல்லிவிட்டேன். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சனம் சொல்லுகிற மாதிரி நடந்துகொள்ளாதே.

அந்தச் சொல்லைப் பற்றி எழுதினது நல்லம். அந்தப் பிள்ளை என்னை மோட்டுச்சி என்றதுதான் என்று தெரிந்ததும் மனம் ஆறிப்போனது. உன்னைச் சொல்லவில்லையே.

ஸில்மியா ராத்தா


ஏறாவூர்
30.01.2025

ராத்தாவுக்கு,

ஊமை ஊரைக் கெடுக்கும் என்று எழுத உங்களுக்குக் கை வந்ததே! இந்த ஊரைக் கெடுக்க என் உதவி தேவையில்லை.

மாறுகண்ணும் பொய், குறட்டையும் பொய். அந்த இரண்டு பேரிலும் எனக்கு விருப்பம் இருக்கவில்லை. விருப்பமில்லை என்று ஒரு பெண் எழுதிக் கொடுத்தால் இந்த வீட்டில் யார் எடுக்கிறார்கள்? அதனால் கண்ணையும் மூக்கையும் பிடித்தேன். இந்த மனிசனுக்குக் கண் நல்ல கண்தான். நான் பயப்படுவது அவருடைய கைக்கு.

நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதிக் காக்காவிடம் கொடுத்தேன். வாசித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “காதுல விழுந்தத மாத்தி விளங்கியிரிப்பா” என்றார். அன்று பின்னேரமே நான் றிஸ்லானின் நம்பரைத் தேடிப் பிடித்து ஒரே ஒரு வரி அனுப்பினேன்: எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் அதைக் காக்காவுக்கு அனுப்பிவிட்டார், பெண் இப்போதே வாய் காட்டுகிறாள் என்று. வாய் காட்டுகிறேனாம், நான்! காக்கா என் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டார். கடைக்கும் போகக்கூடாது. இனி ஹப்ஸா வியாழக்கிழமைகளில் தைக்கத் துணி கொண்டுவருகிற சாட்டில் வருவாள், நம் கடிதங்களும் இனி அவளுடைய ஃபோனில், அவள் கையால்தான். கலியாணம் நோன்புக்கு முன்னால், பெப்ரவரி இருபத்துமூன்று ஞாயிறு.

கடைக்குப் போன கடைசி நாளில் அந்தச் சொல்லின் வேரைத் தேடிப் பார்த்தேன். இங்கிலீஷில் முதலில் அதற்கு வாய் பேசாதவர் என்ற கருத்து மட்டும்தானாம். ஜெர்மன்காரரும் ஒல்லாந்தரும்தான் அதே சொல்லை மோடனுக்கு வைத்திருந்தார்கள். ஜெர்மன்காரர் அமெரிக்காவுக்குக் குடிபோனபோது அந்தக் கருத்தையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனார்கள் என்கிறார்கள். முந்தி இங்கே கோட்டையில் இருந்த ஒல்லாந்தர் நம் மூத்த வாப்பாமாரை எத்தனை தரம் அப்படிக் கூப்பிட்டார்களோ. இன்னும் பின்னால் போனால் புகை, தூசு, கலங்கல் என்று ஏதோ ஒரு பழைய வேர். படித்தவர்களுக்கே அது நிச்சயமில்லை. செவிடருக்கு அவர்கள் சொல்லும் சொல்லும் அதே வேரில் முளைத்ததாம். வாய், காது, புத்தி மூன்றையும் ஒரே பானையில் போட்டு அவித்திருக்கிறார்கள். றிஸ்லானின் உம்மா இங்கிலீஷ் படிக்காமலே அதைச் செய்தார்.

இப்போது எனக்கு நித்திரை வராமல் செய்வது வேறு. வாப்பா இல்லாததால் காக்காதான் என் வலீ, என்னைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பாளர். அவரும் இரண்டு சாட்சிகளும் அறைக்குள் வந்து சம்மதமா என்று கேட்பார்கள். பெண்பிள்ளை வெட்கத்தில் பேசமாட்டாள், அதனால் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுப்பது நம் வழக்கம். பேசுகிற பெண்களுக்கு வைத்த வழக்கம் அது. நான் என்ன செய்ய? தலையை ஆட்டினால் வெட்கம் என்பார்கள். அழுதால், எந்தப் பெண் அழாமல் இருந்தாள் என்பார்கள். எழுதிக் கொடுத்தால் அதுவும் சட்டைப் பைக்குள் போகும். ஸஹ்ரா மதினியிடம் சைகையில் கேட்டேன், வேண்டாம் என்று சொன்ன பெண் யாராவது உண்டா என்று. அவர் தேங்காய் திருவிக்கொண்டே, “தலையக் குனிஞ்சிட்டு இரு. கொஞ்ச நேரம்தான், முடிஞ்சிரும்” என்றார்.

ராத்தா, என்னை நம்பவேண்டாம். அவர் முதலில் கட்டின றஸீனாவைத் தேடிக் கேளுங்கள். ஓட்டமாவடிப் பெண்கள் தோஹாவில் எத்தனை பேர் இருக்கிறார்கள்.

றுமைஸா


தோஹா
07.02.2025, வெள்ளி

என் தங்கச்சி, என் கிளி,

என்னை மன்னித்துக்கொள். எழுதவும் கை ஓடவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் எங்கட ஊர்ப் பெண்கள் கடைத்தெருவில் கூடுகிற இடத்துக்கு இன்று போய் ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். அகீலா என்று ஒரு பிள்ளை, றஸீனாவின் பக்கத்து வளவுக்காரி, நம்பர் எடுத்துத் தந்தாள். அங்கேயே சுவரோரம் குந்தி இருந்து எடுத்தேன். றிஸ்லானின் பேரைச் சொன்னதும் றஸீனா, “கட்டப்போற புள்ள எந்த ஊரு?” என்று கேட்டா. ஏறாவூர், என் தங்கச்சி, வாய் பேசமாட்டாள் என்றேன். “அல்லாஹ்வே! வாய் பேசாத புள்ளயா? நான் கத்தினதாலதான் உசிரோட இரிக்கன். பக்கத்து ஊட்டுக்காரங்க கதவ ஒடச்சிட்டு வந்தாங்க” என்று சொல்லி அழுதா. அவவின் இடது கை இன்னும் முழுக்க நிமிராதாம். நான் கேட்காமலே சொன்னா.

நீ ஒன்றை ஒன்பதாகக் கேட்கவில்லை. நான்தான் ஒன்பதை ஒன்றாக்கப் பார்த்தேன்.

உடனே காக்காவுக்கு எடுத்தேன். வேண்டாம் என்று சொல்லத்தான் எடுத்தேன், சத்தியமாக. “ஆ, ஸில்மியா, சொல்லு” என்றார். பின்னால் ஆட்கள் சத்தம், கொட்டகைக்காரன் வந்திருக்கிறான் என்றார், சந்தோசமாக இருந்தார். வாப்பா மௌத்தான பிறகு அவர் சிரித்துப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை முட்டிவிட்டது. காக்கா என்றேன். அவ்வளவுதான் வந்தது. “சரி சரி, அழாத, எல்லாம் நல்லா நடக்கும்” என்று வைத்துவிட்டார். திரும்ப எடுக்கிறதுக்குள் நேரம் முடிந்து மேடமின் ஆள் ஃபோனை வாங்க வந்துவிட்டான், இதைப் படம் பிடித்து அனுப்ப மட்டும் விடுகிறான்.

வாற வெள்ளி கட்டாயம் சொல்லுவேன். நீ பயப்படாதே. சாப்பிடு.

ஸில்மியா


ஏறாவூர்
13.02.2025

ராத்தாவுக்கு,

நீங்கள் காக்காவிடம் பேசியதை அவர் மதினியிடம் எப்படிச் சொன்னார் தெரியுமா? “ஸில்மியா எடுத்தா. சந்தோசத்தில வாயடச்சிப் போயிட்டா.” நம் வீட்டில் எந்தப் பெண் பேசாமல் இருந்தாலும் அது சந்தோசம்தான் போலிருக்கிறது.

கோபம் வருகிறது, ராத்தா. நான் பேசாமல் இருப்பதற்கு அல்லாஹ் தந்த காரணம் ஒன்று இருக்கிறது. நீங்கள் பேசாமல் இருந்ததற்கு என்ன காரணம்? அவர் சிரித்தாராம்! அவர் சிரிப்பு கலையக்கூடாது என்று என்னைக் கொடுத்துவிடுவீர்களா? இப்படி எழுதக்கூடாதுதான். எழுதிவிட்டேன், அடித்து அழிக்கமாட்டேன்.

வீட்டில் இருந்த பேனைகளைக் காக்கா எடுத்துவிட்டார். இதைக் கண்ணுக்குத் தீட்டும் பென்சிலால் எழுதுகிறேன், மை அப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கலியாணத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை மருதோண்டி போடுவார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரை போட்டு, அழியாமல் துணியால் சுற்றி வைப்பார்கள். மற்றப் பெண்களுக்கு அது அலங்காரம். எனக்கு இந்தக் கைதானே நாக்கு. கூறைச் சேலை வந்துவிட்டது, கடும் சிவப்பு. மதினி அதை என் தோளில் போட்டுப் பார்த்தார், பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தார்.

சோறு இறங்கவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் றிஸ்லானோ என்று எட்டிப் பார்க்கிறேன். நேற்று வீட்டுக்குப் பின்னால் வாவிக்கரைக்குப் போய், ஒருவரும் இல்லாத இடத்தில் நின்று, உள்ள பலமெல்லாம் கூட்டிக் கத்திப் பார்த்தேன். காற்றுத்தான் வந்தது. பக்கத்தில் நின்ற கொக்குகூட அசையவில்லை. றஸீனா கதவு உடைக்கும் அளவுக்குக் கத்தினாரே, அதை நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

சொல்லிவிடுங்கள் ராத்தா. இன்னும் பத்து நாள்தான்.

றுமைஸா


தோஹா
21.02.2025, வெள்ளி

றுமைஸா,

சொல்லிவிட்டேன். போன வெள்ளி முழுக்க எடுத்தேன், காக்கா பதில் தரவில்லை. நேற்று மேடமின் காலடியில் இருந்து கெஞ்சி ஃபோனை வாங்கினேன். றஸீனா சொன்னதை எல்லாம் சொன்னேன். இந்தக் கலியாணம் வேண்டாம், எனக்குச் சம்மதமில்லை என்று கத்திச் சொன்னேன், மேடம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தா. காக்கா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, “இப்ப வந்து சொல்றியா? ஊரெல்லாம் சொல்லியாச்சி. என்ர முகத்த நான் எங்க கொண்டு வெக்கிற? அவ வாய்க்காரி, அதால கை நீட்டியிரிப்பான். நம்மட புள்ள வாய் பேசாது, ஏன் அடிக்கப்போறான்?” என்றார். அவர் அதை உண்மையாகவே நம்பிச் சொன்னார், தங்கச்சி. சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார். இனி எடுத்தாலும் எடுக்கமாட்டார்.

இங்கே பக்கத்துப் பள்ளியில் நம் நாட்டு மௌலவி ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஆள் விட்டுக் கேட்டேன். “பேச ஏலாதவங்க விளங்குறமாதிரிக் காட்டுற சைகை பேச்சுக்குச் சமன். வேணாம் எண்டு அவ காட்டுறத நிக்காஹ் எழுதுறவர் கண்ணால கண்டா எழுத ஏலாது” என்று சொல்லி அனுப்பினார். அறைக்குள் காட்டினால் சாட்சிகள் வெட்கம் என்றுதான் சொல்லுவார்கள். எழுதுகிறவர் காணவேண்டும். எப்படிக் காட்டுவாய் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை றுமைஸா, நான் தூரத்தில் இருக்கிறேன்.

ஹப்ஸாவிடம் இதை இன்றைக்கே கொடுக்கச் சொல்லி அழுது கேட்டிருக்கிறேன்.

ஸில்மியா


தோஹா
23.02.2025, ஞாயிறு

றுமைஸா,

இப்போது அங்கே மாப்பிள்ளை வந்திருப்பார். ஃபோன் லாச்சிக்குள், லாச்சித் திறப்பு மேடமின் கைப்பைக்குள். இதை எப்போது அனுப்புவேனோ தெரியாது. இரண்டு தரம் உப்புப் போட்டுச் சோற்றைக் கெடுத்துவிட்டேன். யா அல்லாஹ், அவளுக்கு ஒரு வழியைக் கொடு. வேறு ஒன்றும் எழுத வருகுதில்லை.


ஏறாவூர்
26.02.2025

அன்பின் ராத்தாவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மூச்சை விடுங்கள். கலியாணம் நடக்கவில்லை.

உங்கள் கடிதத்தை ஹப்ஸா அச்செடுத்து வளையல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தாள். சனிக்கிழமை மருதோண்டி போடக் கையை நீட்டினேன். இப்போதுதான் நல்ல பிள்ளை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கூறையைச் சுற்றிவிட்டார்கள், அதற்குள் வீட்டுச் சட்டை போட்டிருந்ததை மதினி மட்டும் கண்டார். காக்காவும் இரண்டு சாட்சிகளும் வந்து நின்றார்கள். “றிஸ்லானுக்கு ஒன்ன நிக்காஹ் செஞ்சி குடுக்கச் சம்மதமா?” என்று காக்கா கேட்டார். என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, கட்டில் காலைப் பார்த்துக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன், இரண்டு கையையும் ஆட்டினேன், வளையல் கிலுகிலுத்தது. “வெக்கம்” என்று ஒரு சாட்சி சிரித்தார். “சம்மதம்தான்” என்று மற்றவர் சொன்னார். மூவரும் வெளியே போனார்கள்.

அவர்கள் வாசலைத் தாண்டினதும் எழும்பினேன். கூறையைக் கழற்றினேன். பெண்கள் என்ன புள்ள இது என்று கத்தினார்கள், யாரோ கையைப் பிடித்தார், உதறினேன். முந்தானையைக் கொசுவி மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வாசலில் மதினி குறுக்கே நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு அவர் ஒதுங்கிக் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

கொட்டகைக்குள் இருந்த ஆண்கள் எல்லோரும் திரும்பினார்கள். நான் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை, நேரே போய்க் கூறையைக் கொண்டுவந்த றிஸ்லானின் மடியில் திருப்பி வைத்தேன். என் காதைத் தொட்டுக் காட்டினேன், அவருடைய வாயைக் காட்டினேன். பிறகு கையை ஓங்கி என் கன்னத்தில் நானே அடித்து, வாயைத் திறந்து, வாவிக்கரையில் கத்தின மாதிரிக் கத்தினேன். சத்தம் வரவில்லை. ஆனால் ஐம்பது அறுபது ஆண்கள் என் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ராத்தா. ஒருவரும் வெட்கம் என்று சொல்லவில்லை.

“பைத்தியம் இது! புத்தி இல்ல!” என்று றிஸ்லான் எழும்பினார். கூறை கீழே விழுந்தது. கலியாணக் காவின் எழுத வந்த பதிவுகாரர் வயதான மனிசர், பேனையை மூடிப் பைக்குள் வைத்தார். “கூறையைத் திருப்பித் தந்திட்டா. இதுக்கு மேல என்ன சைகை வேணும்? நான் எழுத மாட்டன்” என்றார். காக்கா அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அவர் மெதுவாகக் கையை எடுத்துவிட்டு எழுந்து போனார்.

இதெல்லாம் வென்ற கதை மாதிரி இருக்கிறது, ஆனால் அப்படி இல்லை. சஹன் தட்டுகளில் வைத்த விருந்துச் சோறு ஆறிக் கிடந்தது. காக்கா கொட்டகைக்குள் ஒரு கதிரையில் தலையைக் குனிந்துகொண்டு பின்னேரம் வரை இருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. ஒருநாளும் என்னை அடித்தவர் இல்லை, அன்றைக்கும் அடிக்கவில்லை. அவர் என்னோடு பேசுவதில்லை, நான் வைக்கும் தேத்தண்ணியைக் குடிப்பதில்லை. பள்ளிக்குப் போகவும் வெட்கப்பட்டு வீட்டிலேயே தொழுகிறார். ஊர் பேசுவதை ஹப்ஸா சொல்லவில்லை, அதனால் நிறையப் பேசுகிறார்கள் என்று தெரிகிறது. இனி யார் என்னைக் கேட்டு வருவார்கள் என்று தெரியாது. எனக்கு இன்னும் பயம் போகவில்லை, மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழும்பி நிற்கிறேன். உங்களைக் கோபித்து எழுதியதற்கு என்னைக் கோபிக்கவேண்டாம். நீங்கள் கத்திச் சொன்னது எனக்குத் தெரியும்.

இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நேற்றுப் பகல் காக்கா கடைக்குப் போன பிறகு மதினி எனக்குச் சோறு போட்டுத் தந்தார். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்து இருந்தார். நீங்களே அறிவீர்கள், அவர் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார், இப்படி ஒரு நல்ல மருமகள் ஊரில் இல்லை என்று உம்மா மௌத்தாகும்வரை பெருமைப்படுவார். திடீரென்று, “எனக்கிட்டயும் மூணு பேர் வந்து சம்மதமா எண்டு கேட்டாங்க, றுமைஸா” என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

“எனக்கு வாய் இரிந்திச்சி” என்றார்.

நான் கையைக் கழுவிக்கொண்டு போய் முன்கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். மதினி பேசத் தொடங்கினார். பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை பேசினார், ராத்தா. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள்
றுமைஸா